இரவல்

கார்ல்ட்டன் கிட்டோவை நான் நேரில் கேட்டதில்லை. அவர் 2016 நவம்பரில் கல்கத்தாவில் இறந்த பிறகுதான், அப்படியொரு கிதார்க்காரர் இருந்தார் என்பதே தெரியவந்தது. சுசீல் குரியன் எடுத்த ‘ஃபைண்டிங் கார்ல்ட்டன்’ ஆவணப்படத்தைப் பார்த்தேன். பிறகு கிடைத்த பதிவுகளையெல்லாம், பாங்க் முடிந்து, அரசலாறு கடலில் சேரும் இடத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

பெங்களூரில் 1942இல் பிறந்தவர். அதே 1942இல்தான் சார்லி கிறிஸ்டியன் நியூயார்க்கில் காசநோயால் இறந்தார், வயது 25. பின்னால் உட்கார்ந்து தாளம் தட்டிக்கொண்டிருந்த கிதாரை, ஸாக்ஸஃபோனுக்குச் சமமாக முன்னே வந்து பேசவைத்தவர் அவர். கிட்டோவுக்கு ஆசிரியர் என்று சொல்வதானால் அந்த இசைத்தட்டுகள்தாம்.

பீபாப்பை ராக ஆலாபனையோடு ஒப்பிடுவது நம்மவர்களுக்குக் கைவந்த சௌகரியம். எனக்கு அதில் உடன்பாடில்லை. தோடியில் நிற்கிறவனுக்குத் தரை ஒன்றுதான், ஆழமாகத் தோண்டலாம். பீபாப்பில் ஓரிரு வீச்சுக்கொருமுறை கார்டு மாறும், தரை மாறும். அலை திரும்பும்போது காலடி மணல் இழுபடுமே, அப்படி. விழாமல் ஓடிக்கொண்டே வாக்கியத்தையும் முடிக்க வேண்டும். கிட்டோ முடிக்கிறார். அவசரமே தெரிவதில்லை, ஒரு சொற்றொடரைப் பாதியில் நிறுத்தி, கார்டு மாறியதும் மீதியை வைக்கிறார்.

பார்க் ஸ்ட்ரீட் உணவு விடுதிகளில் ராத்திரிதோறும் ஜாஸ் இருந்த காலம் ஒன்று. கேளிக்கை வரி வந்தது, கேட்கிறவர்கள் கப்பலேறினார்கள், வாசிக்கிறவர்களில் பலர் பம்பாய் சினிமாவுக்குப் போனார்கள். கோவா வம்சாவளியினரான அமான்ஸியோ டிஸில்வா 1967இல் லண்டன் போய், 1969இல் ஜோ ஹாரியட்டோடு ‘ஹம் தோனோ’ தட்டை வெளியிட்டார். அதில் நம் ராகங்களின் சாயல் உண்டு. நல்ல இசை, மறுக்கவில்லை. கிட்டோ கல்கத்தாவிலேயே இருந்தார். ஹோட்டல் பாரில் வாசித்தார், கல்கத்தா ஸ்கூல் ஆஃப் மியூசிக்கில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். தான் இந்தியன் என்று நிரூபிக்கத் தபலாவைத் துணைக்கு அழைக்காமல், யாரோ எங்கோ உண்டாக்கிய பாஷையைக் கடைசிவரை தன் பாஷையாகவே பேசினார்.

இங்கேதான் எனக்கு இடறுகிறது. எட்டு வருஷத்துக்கு முன் இந்த ஊர் நண்பர் ஒருவரின் கவிதைகளைப் பற்றி எழுதும்போது ‘இரவல் குரல்’ என்றேன். பி.ஏ.வில் படித்த ஆங்கிலக் கவிகளை அவர் வரிகளில் அடையாளம் காட்டிவிட்ட பெருமை எனக்கு. அடையாளம் சரிதான், இப்போதும் சொல்வேன். இரவல் வாங்கியதை அவர் என்ன செய்தார் என்று மட்டும் நான் பார்க்கவில்லை. அதற்குப்பின் அவர் எழுதவில்லை. என்னால்தான் என்று சொல்லிக்கொள்வதும் ஒருவித அகங்காரமாக இருக்கலாம்.

போன வாரம் பாஸ்புக் பதிய என் கவுண்டருக்கு வந்தார். ‘ஒருத்தர் வாசிப்பு இருக்கு, கேட்கிறீங்களா?’ என்று வாய்வரை வந்தது. பின்னால் பென்ஷன்காரர்கள் வரிசை. அவர் பாஸ்புக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

‘எழுத்தே தெரியலையே சார். ரிப்பன் மாத்தணும் போல’ என்றார்.