குன்னூர் டு மௌலா அலி: ரெண்டு பேர், ஒரு கார், 900 கிலோமீட்டர்

மௌலா அலி எங்கே இருக்குன்னு கேக்கறவங்களுக்கு முதல்ல ஒரு வார்த்தை. ஹைதராபாத்தின் வடகிழக்கு ஓரம், மல்காஜ்கிரி பக்கம். நடுவில் ஒரே பாறையா ஒரு குன்று, உச்சியில் குதுப் ஷாஹி காலத்து தர்கா. அடிவாரத்தில் உருதுக் கவிஞர் மஹ் லகா பாய் (1768-1824) சமாதி. மத்தபடி ரயில்வேக்காரங்க ஊர். லோகோ ஷெட் இங்கேதான். நம்ம ரங்கமணி வேலை பார்ப்பதும் அங்கேதான்.

நான் மூணு வருஷமா அங்கே இல்லை. 2022ல் ப்ரமோஷன் வந்தது, கூடவே குன்னூர் கிளைக்கு மாற்றல். பதவி உயர்ந்தா வெளி மண்டலம் போகணும் என்பது வங்கி வேலையில் இருக்கற எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. கல்யாணமான பெண் ஊழியர்களைக் கணவர் இருக்கற ஊரிலோ அதற்கு அருகிலோ முடிந்தவரை போடச் சொல்லி 2014ல் நிதி அமைச்சகம் அரசு வங்கிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ப்ரமோஷன் வேணும்னு நாமே எழுதிக் கொடுத்த பிறகு அந்த 'முடிந்தவரை'யை நம்ப முடியாது. தெரிஞ்சேதான் போனேன். பொண்ணு அப்போ ஏழாவது முடிச்சிருந்தா. அத்தை வீட்டில் இருந்தாங்க. ஓடிடும்னு நினைச்சோம், ஓடிடுச்சு.

2025 ஜூன்ல திரும்ப ஹைதராபாத். பெட்டகச் சாவியை அடுத்த ஆள்கிட்ட ஒப்படைச்சு, ரெண்டு பக்கமும் கையெழுத்து வாங்கியாச்சு. எப்பவும் கோயம்புத்தூர் வந்து சபரி எக்ஸ்பிரஸ் பிடிச்சு வருவேன். இந்த முறை இவர், "சாமான் இருக்கு, நான் காரை எடுத்துட்டு வரேன்" என்றார். சாமான் என்ன பெரிய சாமான்? ஒரு மெத்தை, ஒரு குக்கர், நாலு அட்டைப்பெட்டி. சரின்னு விட்டுட்டேன். நீலகிரிக்கு வெளியூர் வண்டி வரணும்னா 2024 மே மாசத்திலிருந்து இ-பாஸ் வேணும். அதையெல்லாம் அவரே எடுத்து, தனியா ஓட்டிக்கிட்டு வந்து சேர்ந்தார்.

வந்ததும் ஒரு நாள் ஓய்வு என்று பேர். மனுஷர் குன்னூர் லோகோ ஷெட் பக்கம் போய் நின்னுட்டார். மேட்டுப்பாளையம்-குன்னூர் பாதை 1899ல் திறந்தது. தண்டவாளத்து நடுவில் பல்லு வச்ச பட்டை, அதைப் பிடிச்சு ஏறும் எஞ்சின். ஏறும்போது எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்னு பெட்டிகளைத் தள்ளிக்கிட்டுப் போகும். "இழுக்கறதை விட இதுதான் பத்திரம். ஏதாவது ஆனாலும் பெட்டி உருண்டு போகாது, கீழே எஞ்சின் தாங்கும்" என்று எனக்கு விளக்கம். மூணு வருஷம் அந்த ஊரில் இருந்தும் நான் கவனிக்காத விஷயம்!

காலையில் ஆறு மணிக்குக் கிளம்பியாச்சு. ஊட்டி, பைக்காரா, நடுவட்டம் வழியா கூடலூர். கல்லட்டி வழி கிட்டம்தான். ஆனா 36 கொண்டை ஊசி வளைவு, விபத்துக்குப் பேர் போன இறக்கம். கூடலூர் சுத்தினாலும் பரவாயில்லை, பழகாதவங்க அதில் போறதுதான் புத்தி. இறக்கத்தில் பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு இருந்தா சூடாகி பிடிக்காமல் போயிடும். ரெண்டாவது கியரில் விட்டு எஞ்சினே வண்டியைப் பிடிச்சுக்கற மாதிரி இறங்கணும். அதுக்கும் இவர் மலை ரயில் உதாரணம் சொன்னார். காது ரெண்டும் அடைச்சு, கூடலூர் வந்ததும் 'டொப்'புன்னு திறந்தது.

முதுமலை, பந்திப்பூர் காட்டில் நிறுத்தக்கூடாது, இறங்கக்கூடாது. இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வண்டிகளுக்குத் தடை, 2009லிருந்து. யானை, மான் அடிபட்டுச் சாகக்கூடாதுன்னு. காடு முடிஞ்சு குண்டலுப்பேட்டை பக்கம் வந்தா வயல் பூரா சாமந்தியும் சூரியகாந்தியும் பூக்க ஆரம்பிச்சிருந்தது. நான் ஃபோட்டோ எடுக்க, இவர் இளநி குடிக்க, அரை மணி போச்சு.

அது வரைக்கும் நாங்க பேசினது என்ன தெரியுமா? பொண்ணோட இன்டர் அட்மிஷன், அத்தையோட கண் ஆபரேஷன், தண்ணி மோட்டார் ரிப்பேர். மூணு வருஷமா ராத்திரி ஒன்பதரைக்கு ஃபோனில் பேசினதும் இதேதான். ஃபோன்ல பேசினா விஷயம் மட்டும்தான் பேசுவோம் போல. விஷயம் தீர்ந்தா "சரி, வச்சிடட்டா?" கார்ல 'வச்சிட' முடியாதே! மைசூரு வந்தப்ப விஷயம் எல்லாம் தீர்ந்துபோச்சு. அப்புறம் ரெண்டு பேரும் சும்மா ரோட்டையே பார்த்துக்கிட்டு வந்தோம்.

மைசூரு-பெங்களூரு அதிவேகச் சாலை 118 கிலோமீட்டர், 2023 மார்ச்சில் திறந்தாங்க. பைக், ஆட்டோவுக்கு அதில் அனுமதி இல்லை. நல்லா இழுத்துக்கிட்டுப் போகுது. மிச்சம் பிடிச்ச நேரத்தையெல்லாம் பெங்களூரைத் தாண்டறதில் விட்டோம். ராத்திரி சிக்கபள்ளாப்பூரில் தங்கல். முதல் நாள் வேலை முடிஞ்சது.

மறுநாள் முழுக்க 44ஆம் எண் நெடுஞ்சாலை. பழைய ஆளுங்களுக்கு ஏழாம் எண் ரோடு. நம்ம கன்யாகுமரி, மதுரை, சேலம் வழியா வர்ற அதே ரோடுதான் ஸ்ரீநகர் வரைக்கும் போகுது. நான் விருதுநகர்க்காரி. எங்க ஊரைத் தொட்டுட்டு வர்ற ரோடு என் புகுந்த வீட்டுக்கும் போகுதுன்னா ஒரு சந்தோஷம்தான். பாகேபள்ளி தாண்டினா ஆந்திரா. பெனுகொண்டா, அனந்தபூர். பச்சை குறைஞ்சு, பாறையும் செம்மண்ணும்தான். முந்தின நாள் காலையில் ஸ்வெட்டர் போட்டிருந்தவளுக்கு ஏசி பத்தலை.

அனந்தபூர் தாண்டி கூத்தி. மலை மேல கோட்டை ரோட்டிலிருந்தே தெரியுது. இங்கே ஒரு கதை சொல்லணும். சென்னையில் தீவுத்திடல் பக்கம் குதிரை மேல உட்கார்ந்திருப்பாரே, சேணம் இல்லாத குதிரைச் சிலை, சர் தாமஸ் மன்றோ. இந்த ஜில்லாக்களுக்கு 1800லிருந்து 1807 வரை கலெக்டர், பின்னாடி சென்னை கவர்னர். 1826ல் அவர் மனைவி, உடம்பு சரியில்லாத சின்னப் பையனைக் கூட்டிக்கிட்டு இங்கிலாந்து போயிட்டாங்க. அதே வருஷம் இவர் நீலகிரிக்குப் போய் ஊட்டியில் சல்லிவன் வீட்டில் தங்கினார். அந்த மலை எப்படி இருக்குன்னு மனைவிக்குக் கடிதமும் எழுதினார். வேலையை விட்டு ஊருக்குப் போகணும்னு கேட்டாச்சு. அடுத்த கவர்னர் வந்து சேரலை. காத்திருக்கற நேரத்தில், தான் வேலை பார்த்த பழைய ஜில்லாவை கடைசியா ஒரு தடவை பார்த்துட்டு வரலாம்னு வந்தார். 1827 ஜூலை 6, கூத்திக்குப் பக்கத்து பத்திகொண்டாவில் காலரா. அன்னிக்கே போயிட்டார். கூத்தியில்தான் முதல்ல புதைச்சாங்க. பிறகு சென்னை கோட்டை செயின்ட் மேரிஸ் சர்ச்சுக்கு மாத்தினாங்க.

நீலகிரியில் இருந்தப்ப படிச்ச கதை இது. இவர்கிட்டச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஓட்டிக்கிட்டே இருந்தவர், "கவர்னருக்கே ரிலீவர் வரலையா?" என்றார். சிரிச்சுட்டேன். எங்க ஆபீஸ் பாஷை இவருக்கும் ஒட்டிக்கிச்சு :-)

அப்புறம் அவரா ஆரம்பிச்சார். "ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டியே?"

"சொல்லுங்க."

"நீ வந்ததும் கிச்சன்ல டப்பா எல்லாம் இடம் மாத்திடுவேன்னு எனக்கு ஒரு பயம்."

டப்பாவா? எனக்குப் புரியலை. மூணு வருஷத்தில் அவரா ஒரு ஒழுங்கு வச்சிருக்கார். உப்பு எங்கே, ரவை எங்கே, பொண்ணு டிபன் பாக்ஸ் எத்தனை மணிக்கு, அத்தைக்கு மாத்திரை எந்த தட்டுல. முதல் வருஷம் தடுமாறி, ரெண்டாவது வருஷம் பழகி, மூணாவது வருஷம் அது அவர் வீடா ஆயிடுச்சு. "நீ இல்லாம கஷ்டமா இருந்துச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன். நிஜம்தான். ஆனா இப்ப நீ வர்றதும் கொஞ்சம் கஷ்டமா இருக்கு. இதை யார்கிட்ட சொல்றது?"

கோபம் வரணும். வரலை. ஏன்னா எனக்கும் ஒண்ணு இருந்தது. குன்னூரில் சாயங்காலம் ஏழு மணி. வெளியே பனி. கையில் ஒரு டம்ளர் டீ. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. வேணும்னா சமைப்பேன், இல்லைன்னா ரெண்டு வர்க்கியைத் தின்னுட்டுப் படுத்துடுவேன். அந்த நேரம் எனக்குப் பிடிச்சிருந்தது. எங்கம்மாகிட்டக்கூட சொன்னதில்லை. புருஷன், புள்ளையை விட்டுட்டு இருக்கறவ அழுதுக்கிட்டுல்ல இருக்கணும்? அழுததும் உண்டு. அந்த டீ பிடிச்சிருந்ததும் உண்டு. அதை அப்படியே சொன்னேன்.

"அப்ப திரும்பி வர்றது உனக்கும் கஷ்டமா?"

"இருக்கும்."

"சரி" என்றார். அந்தச் 'சரி'யில் எனக்கு எவ்வளவு பாரம் இறங்கிச்சுன்னு எழுதத் தெரியலை.

கர்னூல் வந்து துங்கபத்திரையைத் தாண்டினா தெலங்கானா. நதிக்கு இந்தப்பக்கம் வந்ததும் பெரிய விஷயத்தை எடுத்தோம். அடுத்த ப்ரமோஷன். எழுதினா, கிடைச்சா, மறுபடியும் எங்கேயோ மூணு வருஷம். 2022ல் கேட்டப்ப இவர் சொன்னது "உன் இஷ்டம்." கேக்க நல்லாத்தான் இருந்தது. குன்னூர் போன பிறகுதான் அந்த வார்த்தையோட கனம் புரிஞ்சது. பொண்ணுக்கு ஜுரம்னா என் இஷ்டத்தால. அத்தை வழுக்கி விழுந்தா என் இஷ்டத்தால. அவர் ஒரு நாளும் அப்படிச் சொல்லலை, ஆனா எனக்கு அப்படித்தான் கேட்டது. இதையும் சொன்னேன். "இந்தத் தடவை உன் இஷ்டம்னு சொல்லாதீங்க. உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க."

பீச்சுபள்ளியில் கிருஷ்ணா பாலம். பாலம் முழுக்கப் பேசலை. அந்தப்பக்கம் இறங்கினதும்தான் சொன்னார். "எழுத வேண்டாம்னு சொல்லலை. இப்ப எழுத வேண்டாம். பாப்பா இன்டர் முடிக்கட்டும். இந்த ரெண்டு வருஷம் நீ இரு. எனக்கு வேணும்."

இருபது வருஷக் கல்யாணத்தில் 'எனக்கு வேணும்'னு அவர் வாயால கேட்டது இதுதான் முதல் தடவை. 2027ல் பாப்பா இன்டர் முடிச்சதும் நான் எழுதறேன்னு முடிவு. அப்ப எங்கே போட்டாலும் அது ரெண்டு பேர் முடிவு. எங்க பெட்டகத்துக்கு ரெண்டு சாவி, ரெண்டு ஆள். ஒருத்தர் தனியாத் திறக்க முடியாது. ஜாயிண்ட் கஸ்டடின்னு பேர். "அதே சிஸ்டம் போட்டுடலாம்" என்றேன். "ரிஜிஸ்டர்ல கையெழுத்து வேணுமா?" என்றார்.

ஜட்சர்லாவில் சாப்பாடு. ஷம்ஷாபாத் வந்து அவுட்டர் ரிங் ரோடு பிடிச்சா ஊருக்குள்ள சிக்காமல் கட்கேசரில் இறங்கிடலாம். மௌலா அலி, ஈசிஐஎல் பக்கம் போறவங்க குறிச்சுக்கோங்க. வழியில் சர்லபள்ளி புது டெர்மினல், 2025 ஜனவரியில் திறந்தது, நான் முதல் தடவையாப் பார்த்தேன். வீட்டுக்கு வந்தப்ப நாலரை. பொண்ணு வாசல்லயே, "எனக்கு வர்க்கி வாங்கினியா?" அம்மா வந்த சந்தோஷம் எல்லாம் அதுக்கப்புறம்தான்!

டப்பா விஷயம் என்னாச்சுன்னு கேப்பீங்க. உப்பும் ரவையும் அவர் வச்ச இடத்திலேயே இருக்கு. டீத்தூளை மட்டும் என் கைக்கு எட்டற தட்டுக்கு மாத்தினேன். சாயங்காலம் ஏழு மணிக்கு மொட்டை மாடியில் எனக்கு அரை மணி. பாறையும் தர்கா விளக்கும் தெரியும். யாரும் கூப்பிட மாட்டாங்க. இன்டர் பொண்ணு ரெண்டு தடவை கூப்பிட்டா, அவ அப்பாவே "இருடி, அம்மா வரட்டும்" என்று நிறுத்திட்டார்.

நம்மள்ல எத்தனையோ பேர் இப்படித்தான் இருக்கோம். அவர் துபாய், இவ திருச்சி. இவ ஹைதராபாத், அவர் ஹோசூர். திரும்பச் சேர்றது தானா நடந்துடும்னு எல்லாரும் நினைக்கறோம். மாற்றல் ஆர்டரோ, விசா முடியறதோ வந்தா, முடிஞ்சா ஒரு ரெண்டு நாள் ரோட்டு வழியா வாங்க. புள்ளைங்களை விட்டுட்டு வாங்க. முதல் நாள் மோட்டார் ரிப்பேர்தான் பேசுவீங்க, கவலைப்படாதீங்க. ரெண்டாம் நாளுக்கும் ரோடு மிச்சம் இருக்கணும், அவ்வளவுதான்.