போல்ட்டின் ஆறு மூலைகள்

“அப்பா, இந்த போல்ட் ஏன் உருண்டையா இருக்கு?”

வண்டிக்கு அடியில் நான் மல்லாந்து படுத்திருந்தேன். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மகள்தான் அதை முதலில் பார்த்தாள். ஆயில் சம்ப்பின் டிரெயின் போல்ட் அது. ஆறு பட்டை, ஆறு மூலை இருக்க வேண்டிய தலையில் மூன்று மூலை மழுங்கியிருந்தது. ஒன்று ஏறக்குறைய காணாமலே போயிருந்தது. பட்டைகளில் ஸ்பேனர் இழுத்த கீறல்கள் மின்னின. அதற்கு முந்தைய தடவை ஆயிலை வெளியே ஓரிடத்தில் மாற்றியிருந்தேன். அங்கே யாரோ ஸ்க்ரூ ஸ்பேனரை வைத்து முறுக்கியிருக்கிறார்கள்.

அன்று என்னிடம் இருந்தது டபுள் எண்ட் ஸ்பேனர் மட்டும். வைத்து இழுத்தேன், வழுக்கியது. இன்னொரு முறை இழுத்தால் மிச்ச மூலையும் போய்விடும் என்று கைக்கே தெரிந்தது. நிறுத்திவிட்டுத் தெருமுனைப் பட்டறை அண்ணனைக் கூப்பிட்டு வந்தேன். அவர் ஆறு மூலை சாக்கெட் ஒன்றை எடுத்து, போல்ட் தலையில் பொருத்தி, சுத்தியலால் இரண்டு தட்டு தட்டி இறுக்கமாக ஏற்றினார். நீளமான ராடை மாட்டினார். வெடுக்கென்று இழுக்காமல், தோளின் கனத்தை மெல்ல மெல்ல அதன் மேல் சாய்த்தார். ‘டக்’கென்று ஒரு சத்தம். விட்டுவிட்டது.

“போல்ட் மேல தப்பு இல்ல தம்பி. அதக் கடிச்ச ஸ்பேனர் மேலதான் தப்பு. நீ எதை வாங்குறதுன்னாலும் மொதல்ல மூலையைப் பாரு” என்றார்.

அதற்குப் பிறகு கடையில் பளபளக்கும் பெட்டியைப் பார்த்து நான் எதையும் வாங்கியதில்லை. போல்ட்டைப் பார்த்துத்தான் வாங்குகிறேன். வீட்டு வாசலில் சொந்த வண்டியைப் பார்த்துக்கொள்ள நினைக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்.

என் வண்டி 2012 வேகன் ஆர், 998 சிசி, மூன்று சிலிண்டர். அதற்கு முன்னால் வைத்திருந்தது மாருதி 800. இரண்டுமே சுசுகி வழி வந்தவை. ஜப்பான் வழக்கப்படி, மறைப் பகுதியின் விட்டம் 6 மில்லிமீட்டர் இருந்தால் போல்ட்டின் தலை 10. மறை 8 என்றால் தலை 12. மறை 10 என்றால் 14. மறை 12 என்றால் பெரும்பாலும் 17. ஆக 10, 12, 14, 17 என்று நான்கு அளவு கையில் இருந்தால் பேட்டரி கிளாம்ப் முதல் பிரேக் கேலிபர் வரை அநேக வேலை முடிந்துவிடும். டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய் வண்டிகளிலும் ஏறக்குறைய இதே கதைதான். ஐரோப்பிய வண்டியென்றால் அதே 8 மில்லிமீட்டர் மறைக்குத் தலை 13 ஆகிவிடும், 10-க்கு 16 அல்லது 17. நட்சத்திரக் குழி போட்ட டார்க்ஸ் ஸ்க்ரூக்களும் அதிகம் வரும். அதனால் ‘எல்லா வண்டிக்கும் ஒரே செட்’ என்று கடைக்காரர் சொன்னால் வாங்கிவிடாதீர்கள். முதலில் உங்கள் வண்டியின் பானெட்டைத் திறந்து, ஒரு மணி நேரம் போல்ட் தலைகளை எண்ணிப் பாருங்கள். நான் நோட்டில் கோடு போட்டே எண்ணினேன். 10-க்கும் 12-க்கும் கோடுகள் பக்கம் நிறைய விழுந்தன. 11-க்கும் 15-க்கும் ஒன்றுகூட விழவில்லை.

பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு இது வேறு கணக்கு. அதில் இஞ்ச் அளவு. அரை இஞ்ச் தலை என்பது 12.7 மில்லிமீட்டர். அதில் 13 ஸ்பேனர் சுலபமாக உட்கார்ந்துவிடும், வேலையும் செய்யும். ஆனால் அந்த 0.3 மில்லிமீட்டர் இடைவெளிதான் ஒவ்வொரு இழுப்பிலும் மூலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும்.

டபுள் எண்ட் ஸ்பேனரின் வாய் போல்ட்டின் இரண்டு பட்டையைத்தான் பிடிக்கிறது. விசை கூடும்போது அது பட்டையிலிருந்து நழுவி எதிரெதிர் மூலை இரண்டின் மேல் போய் நிற்கும். இன்னும் இழுத்தால் வாயே லேசாக விரியும். ரிங் ஸ்பேனர் தலையைச் சுற்றி வளைத்துக்கொள்வதால் விசை எல்லா மூலைக்கும் பிரிந்து போகிறது. ரிங் ஸ்பேனரில் வழக்கமாகப் பன்னிரண்டு முனை இருக்கும். நெருக்கமான இடத்தில் மாட்ட அது வசதி. இறுகிப்போன போல்ட்டுக்கோ ஆறு மூலை சாக்கெட்தான் வேண்டும். நல்ல சாக்கெட்டின் உட்புறத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், மூலைகள் கூர்மையாக இல்லாமல் சற்றே வளைத்து விடப்பட்டிருப்பது தெரியும். அழுத்தம் மூலையில் விழாமல், சற்றுத் தள்ளிப் பட்டையின் மேல் விழுவதற்காக அப்படிச் செய்கிறார்கள்.

ஆகவே எனக்கு வரிசை இப்படி: முதலில் ஆறு மூலை சாக்கெட், அது போகாத இடத்தில் ரிங், அதுவும் போகாவிட்டால் டபுள் எண்ட். ஸ்க்ரூ ஸ்பேனர் குழாய் வேலைக்குத்தான், வண்டிக்கு அருகில் அதைக் கொண்டுவருவதே இல்லை. இப்படிச் சொல்வதால் டபுள் எண்டை மட்டமாக நினைக்க வேண்டாம். அதன் தலையைப் பிடியிலிருந்து 15 டிகிரி சாய்த்து அடித்திருப்பார்கள். ஆறு மூலை தலைக்கு அடுத்த பிடிப்பு கிடைக்க 60 டிகிரி சுற்ற வேண்டும். இடம் இல்லாவிட்டால் ஸ்பேனரைத் திருப்பிப் போட்டால் போதும், 30 டிகிரியில் அடுத்த பிடிப்பு கிடைத்துவிடும். ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பின்னால் விரல் மட்டும் நுழைகிற சந்தில் ஒரு நட்டை அப்படித் திருப்பித் திருப்பி முழுதாகக் கழற்றியபோது, இந்தச் சாய்வை முதலில் யோசித்தவரை மனதாரக் கும்பிட்டேன்.

வாங்கப் போகும்போது சட்டைப் பையில் மூன்று புது போல்ட் எடுத்துப் போவேன். தலை 10, 12, 14. சென்னை எழும்பூரில் ரயிலிலிருந்து இறங்கி ஆதித்தனார் சாலை வழியாகப் புதுப்பேட்டையில் நுழைந்து, அங்கிருந்து ஜி.பி. ரோடுக்கு நடந்துவிடலாம். புதுப்பேட்டையில் பழைய சாமான், ஜி.பி. ரோட்டில் புதுசு. ஸ்பேனரைக் கையில் வாங்கியதும் அதில் போல்ட்டை மாட்டி, இரண்டு பக்கமும் லேசாக ஆட்டிப் பார்ப்பேன். நல்ல ஸ்பேனரில் ஆட்டம் இருப்பதே தெரியாது. மட்டமானதில் போல்ட் கடகடவென்று ஆடும். பிறகு வாயின் இரண்டு தாடையும் இணையாக நிற்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். பழைய ஸ்பேனரில் நுனி விரிந்திருந்தால் அங்கேயே வைத்துவிட வேண்டும். குரோம் பூச்சு உரிந்திருக்கிறதா என்று விரலைத் தடவாமல் கண்ணால் பாருங்கள், அந்தச் செதில் பிளேடு மாதிரி வெட்டும். ‘குரோம் வெனேடியம்’ என்று பொறித்திருப்பதை மட்டும் நம்ப மாட்டேன். எழுத்தை யாரும் பொறிக்கலாம், அந்த ஆட்டத்தை மறைக்க யாராலும் முடியாது. நம் நாட்டில் ஜலந்தரிலும் லூதியானாவிலும் நாசிக்கிலும் அருமையான கைக்கருவிகள் செய்கிறார்கள். என் டபாரியா ரிங் ஸ்பேனர்கள் வாங்கிய நாளிலிருந்து உழைக்கின்றன. வெளிநாட்டுச் சாமான்தான் வேண்டும் என்பதில்லை.

ராட்செட் வாங்கும்போது பல் எத்தனை என்று கேளுங்கள். 24 பல் இருந்தால் ஒவ்வொரு ‘கிளிக்’குக்கும் பிடி 15 டிகிரி நகர வேண்டும். 72 பல் என்றால் 5 டிகிரி போதும். திறந்த வெளியில் இரண்டும் ஒன்றுதான். ஆல்டர்னேட்டர் பக்கம் கையை விட்டுப் பார்த்தால் அந்தப் பத்து டிகிரியின் அருமை தெரியும். வீட்டு வேலைக்கு முக்கால்வாசி நேரமும் 3/8 இஞ்ச் டிரைவ் போதும், அரை இஞ்ச் பெரிய இறுக்கங்களுக்கு. இறுகிய போல்ட்டைத் தளர்த்த ராட்செட்டின் மேல் பைப் மாட்டி நெம்பவே கூடாது. உள்ளே இருக்கும் சின்னப் பல் தெறித்துவிடும். அதற்கு நீளமான ராட் இருக்கிறது. முந்தின இரவே துரு எண்ணெய் விட்டு ஊற வையுங்கள், காலையில் தலையில் இரண்டு தட்டு. எப்போதும் உங்களை நோக்கியே இழுங்கள். தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால் விரல்களை மடக்காமல் உள்ளங்கையால் தள்ளுங்கள். நழுவினாலும் முட்டி பெயராது.

எஞ்சின் பிளக்குக்குத் தனி சாக்கெட் வேண்டும். 800-ன் பிளக்குக்கு 21, என் இப்போதைய வேகன் ஆருக்கு 16. உள்ளே ரப்பரோ காந்தமோ இருப்பதாக வாங்குங்கள், பிளக் பாதியில் நழுவி விழாது. பிளக்கைத் திரும்ப மாட்டும்போது முதல் சில சுற்று விரலால் மட்டும். சிலிண்டர் ஹெட் அலுமினியம். மறை குறுக்கே ஏறினால் அந்தச் செலவில் நல்ல சாக்கெட் செட் நாலைந்து வாங்கிவிடலாம்.

திருப்புளியைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், பலருக்குத் தெரியாமலே ஸ்க்ரூக்கள் வீணாகின்றன. நாம் ஸ்டார் திருப்புளி என்று சொல்வது அமெரிக்க ஃபிலிப்ஸ் வகை. 1936-ல் கேடிலாக் கார்களில் புழக்கத்துக்கு வந்தது. ஜப்பான்காரர்களின் ஸ்டார் பார்க்க அப்படியே இருந்தாலும் உள் வளைவு வேறு. ஃபிலிப்ஸ் முனை அதில் முழுதாக அடியில் போய் உட்காராது. அழுத்தித் திருப்பினால் மேலே ஏறி வழுக்கி, ஸ்டாரைக் குழியாக்கிவிடும். ஜப்பான் ஸ்க்ரூவின் தலையில் பெரும்பாலும் ஓரமாக ஒரு சின்னப் புள்ளி இருக்கும். 800-ன் மிக்குனி கார்புரேட்டர் மூடி ஸ்க்ரூக்களில் நான்கை நான் இப்படித்தான் இழந்தேன். பிறகு ஜப்பான் அளவுத் திருப்புளி ஒன்று வாங்கினேன். முனை சொருகியதும் ஸ்க்ரூவே திருப்புளியின் நுனியில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. பொருத்தம் என்றால் அதுதான்.

இறுக்குவதற்கு, இறுக்கத்தின் அளவைச் சொல்லும் டார்க் ரெஞ்ச் வாங்குங்கள். ‘கையே சொல்லும்’ என்பார்கள். முப்பது வருடம் பட்டறையில் நின்றவர் கை சொல்லலாம், மாதம் ஒருமுறை ஸ்பேனர் பிடிக்கும் கை சொல்லாது. என் வண்டிக்கு டிரெயின் போல்ட் 35 நியூட்டன் மீட்டர், வீல் நட் 85. 25 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 14 கிலோ கனம் கொடுத்தால் அந்த 35 வந்துவிடும், ஒரு சிறிய அரிசி மூட்டையின் கனம்தான். 85-க்கு 35 கிலோ. இப்போது பஞ்சர் கடையை நினைத்துப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ள ஒருவர் அதே நீள வீல் ஸ்பேனரின் மேல் ஏறி நின்றாலே 170 வந்துவிடும், கேட்டதைப் போல் இரண்டு மடங்கு. குதித்தால் இன்னும் மேலே. நட்டுக்குள் இருக்கும் ஸ்டட் இழுபட்டு, மறை நைந்து, ஒரு நாள் இரவு நெடுஞ்சாலையில் டயர் மாற்ற வேண்டி வந்தால் வீட்டில் யாராலும் அதைக் கழற்ற முடியாது. அதனால்தான் பஞ்சர் ஒட்டி வீட்டுக்கு வந்ததும் நான்கு நட்டையும் தளர்த்தி, டார்க் ரெஞ்ச்சால் எதிரெதிராக இறுக்குகிறேன். வேலை முடிந்ததும் ரெஞ்ச்சின் அளவைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கி வையுங்கள், உள்ளே ஸ்பிரிங் அழுந்திக் கிடக்கக் கூடாது. கழற்றுவதற்கு அதைத் தொடவே வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வாங்க வேண்டியது ஒரு ஜோடி ஜாக் ஸ்டாண்ட். டிக்கியில் கிடக்கும் ஜாக் டயர் மாற்ற மட்டும்தான். அதை நம்பி யாரும் அடியில் படுக்காதீர்கள், ஒரு நிமிடத்துக்குக்கூட. சமதளத் தரை, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, சட்டத்துக்குக் கீழே இரண்டு ஸ்டாண்ட். பிறகு கதவு ஓரத்தைப் பிடித்து வண்டியை நன்றாக ஒருமுறை ஆட்டிப் பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் பாய் விரிப்பேன்.

நாங்கள் இருக்கும் பல்லாவரத்துக் காற்றில் கடலின் உப்பு இருக்கிறதோ இல்லையோ, மழைக்காலத்தில் இரும்பு வியர்க்கும். வேலை முடிந்ததும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மெஷின் ஆயில் ஒரு சொட்டுத் தடவி, அளவு வரிசையில் துணிப் பையில் சுருட்டி வைக்கிறோம். சுருட்டுவது மகளின் வேலை. ஏதாவது ஒரு அறை காலியாக இருந்தால் பையைக் கட்ட மாட்டாள். எஞ்சின் இடுக்கில் எங்கோ உட்கார்ந்திருந்த 10 சாக்கெட் ஒன்றை அப்படித்தான் போன வருடம் கண்டுபிடித்தோம். ஆயுத பூஜையன்று ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைப்பதும் அவள்தான்.

அந்தப் பழைய டிரெயின் போல்ட்டை அன்றே மாற்றிவிட்டேன். புது வாஷரோடு 35-ல் இறுக்கிய புது போல்ட்டை அதற்குப் பிறகு நான்கு முறை கழற்றி மாட்டியாகிவிட்டது. ஆறு மூலையும் கடையிலிருந்து வந்த மாதிரியே இருக்கிறது.

இப்போது பின் சக்கர வீல் சிலிண்டரில் பிரேக் ஆயில் கசிகிற ஈரம் தெரிகிறது. மூன்று நாளாக வண்டியை எடுக்கவில்லை. சிலிண்டரை மாற்ற வேண்டுமானால் பிரேக் பைப்பின் நட்டைக் கழற்றியாக வேண்டும். தலை 10-தான், ஆனால் மென்மையான நட்டு, டபுள் எண்ட் வைத்தால் மழுங்கிவிடும். பைப் நடுவில் போவதால் முழு ரிங்கும் நுழையாது. ரிங்கில் ஒரு பக்கம் மட்டும் பைப் நுழைகிற அளவுக்கு வெட்டிவிட்ட ஃப்ளேர் நட் ஸ்பேனர் என்று ஒன்று உண்டு. அதை இதுவரை நான் வாங்கியதில்லை. ஞாயிறு ஜி.பி. ரோட்டில் பாதிக் கடை மூடியிருக்கும், சனிக்கிழமை காலை எட்டு மணி ரயிலைப் பிடிக்க வேண்டும். தலை 10 போல்ட்டை இப்போதே எடுத்துச் சட்டைப் பையில் போட்டு வைத்திருக்கிறேன்.