பிழையை எழுதித் தருகிறவர்

ஒரே காலையில் இரண்டு லேபில் ரத்தம் கொடுத்து, இரண்டு விதமான சர்க்கரை அளவோடு திரும்பிய உறவினரைப் பற்றி நண்பரிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். நண்பர் மருத்துவ ஆய்வகத்தில் டெக்னீஷியன். "மெஷினைக் குறை சொல்றதுக்கு முன்னாடி, அதைக் கடைசியா யாரு சோதிச்சாங்கன்னு கேட்டீங்களா?" என்றார். அவர் கைகாட்டித்தான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு சிறிய கேலிப்ரேஷன் கூடத்துக்குப் போனேன்.

தெருவில் லாரிகள் ஓயாமல் போகின்றன. இரண்டு கதவுகளைத் தாண்டிய உள்ளறையில் கருங்கல் பலகை போட்ட ஒரு மேடை. லாரியின் அதிர்வு ஏறாமலிருக்க அதற்கு மட்டும் தனி அஸ்திவாரம். மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் தராசு. ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்குவரை காட்டும். கூண்டின் கதவைத் திறந்து கையை நீட்டினாலே கைச்சூட்டில் கடைசி இலக்கம் ஓட ஆரம்பிக்கிறது. அது ஓய்ந்து நிற்கக் காத்திருப்பதுதான் இங்கே பாதி வேலை.

அங்கே மூத்தவரை எல்லோரும் அண்ணன் என்கிறார்கள். ஆரணிப் பக்கத்துக்காரர். அப்பா தராசு ரிப்பேர் செய்தவர். அரசு முத்திரை போடும் முகாம் வருகிறதென்றால் கடைக்காரர்கள் தேய்ந்த எடைக்கற்களை மூட்டையாகக் கொண்டுவந்து அவர் முன்னால் கொட்டுவார்களாம். இரும்புக் கல்லின் குழியில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி, அரத்தால் சுரண்டிச் சுரண்டி எடையை நேருக்குக் கொண்டுவருவார். அதிகாரி அந்த ஈயத்தின் மேல்தான் முத்திரையை அடிப்பார். சிறுவனாக அந்த ஈயத்தூளைக் கூட்டி அள்ளிய கை இன்று இடுக்கி பிடிக்கிறது.

"எங்கப்பா கல்லைச் சரி பண்ணுவாரு சார். நான் சரி பண்றதில்ல. எவ்வளவு தப்பா காட்டுதுன்னு எழுதித் தர்றேன். அதான் என் வேலை."

பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம் இதுதான். கருவியை முடுக்கிச் சரிசெய்வது வேறு வேலை. கேலிப்ரேஷனில், மதிப்பு தெரிந்த ஒன்றைக் கருவியிடம் கொடுக்கிறார்கள். அது காட்டுவதற்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறிக்கிறார்கள். அந்த வித்தியாசத்தையே எவ்வளவு நம்பலாம் என்ற எல்லையையும் பக்கத்தில் எழுதுகிறார்கள். அந்த எல்லையைக் கணக்கிடும் முறை நீளமானது, அதற்குள் போகவில்லை.

மதிப்பு தெரிந்த அந்த ஒன்று ஒரு மரப்பெட்டிக்குள் இருக்கிறது. வெல்வெட் குழிகளில் பளபளக்கும் எஃகு எடைகள், ஒரு மில்லிகிராம் தகட்டிலிருந்து 200 கிராம்வரை. துல்லியத்தில் இ2 வகுப்பைச் சேர்ந்தவை. அதில் 100 கிராம் எடைக்கு அனுமதிக்கப்பட்ட விலகல் 0.16 மில்லிகிராம். விரல் பட்டால் வியர்வையும் எண்ணெயும் ஒட்டிக்கொள்ளும் என்பதால் யாரும் வெறுங்கையால் தொடுவதில்லை. இந்தப் பெட்டியும் குறித்த காலத்துக்கு ஒருமுறை தன்னைவிட மேலான எடைகளோடு ஒப்பிடப்படப் போகிறது. அந்தச் சங்கிலி டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் போய் முடிகிறது. இந்தியாவுக்கு வழங்கப்பட்ட 57ஆம் எண் பிளாட்டினம்–இரிடியம் கிலோகிராம் அங்கேதான் இருக்கிறது. 2019 மே 20 முதல் கிலோகிராமின் வரையறை உலோக உருளையை விட்டு பிளாங்க் மாறிலி என்ற இயற்கை மாறிலிக்கு மாறிவிட்டது. அண்ணனின் அன்றாட வேலையில் அதனால் ஒரு மாற்றமும் இல்லை.

வாடிக்கையாளரின் தராசைக் கூடத்துக்குத் தூக்கிவந்து சோதிக்க முடியாது. சென்னையில் சரிபார்த்த தராசை ஊட்டிக்குக் கொண்டுபோய் அப்படியே வைத்தால், புவியீர்ப்பு குறைவதால் 100 கிராமுக்குப் பல பத்து மில்லிகிராம் குறைத்துக் காட்டும். ஆகவே தராசு இருக்கும் இடத்துக்கு அண்ணன் போகிறார். பஸ்ஸில் எடைப்பெட்டியை மேலே சாமான் வைக்குமிடத்தில் வைக்கமாட்டார், மடியில்தான். போய்ச் சேர்ந்ததும் அறையின் சூட்டுக்குப் பெட்டி பழகும்வரை திறக்கவும் மாட்டார்.

கூடத்தில் நான் பார்த்தது, திரவத்தைத் துல்லியமாக அளந்து எடுக்கும் பிபெட்டின் சோதனை. 100 மைக்ரோலிட்டர் பிபெட். காய்ச்சி வடித்த நீரைச் சில முறை இழுத்துவிட்டு முனையை நனைத்தார். பிறகு தராசிலிருந்த சிறு குவளையின் உட்சுவரில் முனையைச் சாய்த்துத் தொட்டு, கட்டைவிரலை ஒரே சீராக இறக்கினார். இரண்டாம் அழுத்தத்தில் கடைசித் துளியும் இறங்கியது. 25 டிகிரியில் 100 மைக்ரோலிட்டர் நீர் தராசில் 100 மில்லிகிராம் காட்டாது, சுமார் 99.6தான் காட்டும். அதைத் தெரியாதவர் நல்ல பிபெட்டைக் கெட்டதென்று சொல்லிவிடுவார். 99.41. 99.38. 99.44. அடுத்தது 98.10. மறுபடி 99.5. பிறகு 97.6. அண்ணன் நிமிர்ந்தார். "உள்ளே ஓ-ரிங் போயிடுச்சு சார்." காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம் அது.

எப்போதும் ஒரே அளவு குறைத்து எடுக்கும் பிபெட்டை ஆய்வகம் ஓரளவு சமாளித்துவிடும். நோயாளியின் மாதிரியையும் ஒப்பீட்டுத் திரவத்தையும் அதே பிபெட்டால் எடுத்தால் பிழை பெரும்பாலும் அடிபட்டுப்போகும். ஒருமுறை சரியாகவும் மறுமுறை குறைவாகவும் எடுக்கும் பிபெட்டை ஒன்றும் செய்ய முடியாது. அடுத்தடுத்து வரும் இரண்டு நோயாளிகளில் யாருக்குத் தப்பு விழும் என்று யாரும் சொல்ல முடியாது. இதைக் கண்டுபிடிக்கத்தான் ஒவ்வொரு அளவிலும் பத்து முறை எடை பார்க்கிறார்கள். முழு அளவு, பாதி, பத்தில் ஒரு பங்கு என மூன்று அளவு. ஆக முப்பது எடை. நிதானமாகச் செய்தால் ஒரு பிபெட்டுக்கு அரைமணி நேரம் ஆகிறது.

இந்த அரைமணி நேரத்துக்குத்தான் சந்தையில் விலை இல்லை. மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் இவர்களுக்கும் நடுவே ஏஜென்ட் நிற்கிறார். ஆடிட் வரும் தேதியைத் தெரிந்துகொண்டு, "எல்லா மெஷினுக்கும் சேர்த்து ஒரே ரேட்" என்று ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்கிறார். மிகக் குறைந்த விலையைச் சொன்னவருக்கே வேலை என்ற டெண்டர் விதி அவருக்குத் துணை. வந்த பணத்தில் தன் பங்கைக் கழித்துக்கொண்டு, மிச்சத்துக்கு வேலையைக் கைமாற்றிவிடுகிறார். அந்த மிச்சத்தில் முப்பது எடை பார்க்கக் கட்டுப்படியாகாது. ஒரே ஆள் ஒரே நாளில் நாற்பது பிபெட்டைச் சோதித்ததாகச் சொல்லும் சான்றிதழ்களை அண்ணன் பார்த்திருக்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சாப்பாடு, தூக்கம் இல்லாமல் செய்தாலும் இருபது மணி நேரம். அந்தக் காகிதமே அந்தப் பொய்க்குச் சாட்சி. போன வருடச் சான்றிதழில் தேதியை மட்டும் மாற்றிக் கேட்டவர்களும் உண்டாம். மறுத்ததால் இவர் இழந்த வாடிக்கையாளர்கள் அதிகம். கருவியைத் தொடாமலே ஸ்டிக்கர் ஒட்டிப் போகிறவனுக்குச் சம்பாத்தியம்; விடியற்காலை பஸ் பிடித்து, மடியில் பெட்டியோடு போய், பிழை இருக்கிறது என்று உண்மையை எழுதித் தருகிறவருக்கு "அவரைக் கூப்பிட்டா ஏதாவது குறை சொல்லுவாரு" என்ற பெயர். இந்த அநியாயத்தில் ஏஜென்டுக்கு மட்டும் பங்கில்லை. ஆடிட்டுக்குக் காகிதம் இருந்தால் போதும் என்று நினைக்கும் ஒவ்வொரு நிர்வாகிக்கும் பங்குண்டு. அந்தக் காகிதத்தின் மறுமுனையில் இன்சுலின் அளவை மாற்றிக்கொள்ளும் ஒரு மனிதர் இருக்கிறார்.

லேப் நடத்துகிறவர்களிடமும் கல்லூரி ஆய்வகப் பொறுப்பாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். சோதிக்க வரும் கூடத்துக்கு என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்பதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் கருவிக்கும் அதன் அளவு எல்லைக்கும் அந்த அங்கீகாரம் பொருந்துகிறதா என்று என்ஏபிஎல் இணையதளத்தில் பாருங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் ஸ்டிக்கரை விட்டுவிட்டுப் பிழை என்ற கட்டத்தைப் படியுங்கள். அந்தப் பிழை உங்கள் வேலைக்கு ஏற்றதா என்று முடிவு செய்ய வேண்டியது நீங்கள்தான். எடுத்த அளவீடுகளைக் கேட்டு வாங்குங்கள். நேரடியாக அந்தக் கூடத்தோடு பேசுங்கள். அவர் வரும் நாளில் தராசை முன்தினமே போட்டு வையுங்கள், காலையிலேயே ஏ.சி.யை ஓடவிடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.