எல்லைக்காரனின் ரோம யாத்திரை – 1

பாறசாலையில் குடியிருப்பவனுக்கு எல்லை என்பது பூகோளப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமல்ல; காலையில் களியக்காவிளைச் சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்குள் வீடு திரும்பும்போது, ஒரு ராஜ்யத்தை விட்டு இன்னொரு ராஜ்யத்துக்குப் போய்வந்தோம் என்ற பிரக்ஞையே இல்லாமல் நாட்களைக் கழிக்கிறவன் அவன். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரைத் தாலுகாக்காரர்களாகிய நாங்கள் இந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டோம். வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசிப் பழகிய எங்கள் நாக்கு மட்டும் இன்றுவரை கோட்டின் இரண்டு பக்கத்திலும் நிற்கிறது. அப்படிப்பட்டவன் ஒருவன், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், வருகிற வசந்தத்தில் ரோமாபுரியைப் பார்த்துவிட வேண்டும் என்று சங்கல்பம் செய்துகொண்டால், ஊரார் அவனை ஏற இறங்கப் பார்ப்பது இயல்புதான்.

முதலில் திருவனந்தபுரத்தில் ஒரு பிரயாண ஏஜெண்டைப் போய்ப் பார்த்தேன். ஏழு நாட்களில் வெனிஸ், மிலான், பீசா, பிளாரன்ஸ், ரோம் எல்லாவற்றையும் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொல்லி, வர்ணப் படங்கள் அச்சிட்ட ஒரு தாளையும் கையில் கொடுத்தார். பீசாவில் சாய்ந்த கோபுரத்துக்கு 40 நிமிஷம். ரோமுக்கு ஒன்றரை நாள்! மழைக்குப் பயந்து சுவாமியை ஓட்டமாகத் தூக்கிக்கொண்டு வீதி சுற்றிவரும் உற்சவம் போல ஒரு தேசத்தைச் சுற்றிவருவதில் என்ன புண்ணியம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. தாளை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். ஒரே நகரம், பத்து நாட்கள், அதுவும் ரோம் என்று அன்றிரவே முடிவாயிற்று.

காலத்தை நிர்ணயிப்பதுதான் சற்றுச் சிரமமாக இருந்தது. சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்று நம் முன்னோர் வகுத்துவைத்திருந்தாலும், மேட மாதத்து வெயிலில் நெய்யாற்றின் மணல் தெரிய, பழுத்த பலாவின் மணத்தோடு புழுக்கமும் சேர்ந்து வீட்டுக்குள் அடைந்துகிடக்கும்போது, அதை வசந்தம் என்று அழைக்க மனம் ஒப்புவதில்லை. அதே நாட்களில் ரோமிலோ பகல் 20 டிகிரியைச் சுற்றியே இருக்கும். ஏப்ரல் இரவுகளில் கம்பளிச் சட்டை வேண்டும். ஈஸ்டர் வாரத்தில் கூட்டம் தாங்காது என்பதால் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். மார்ச் 21-ஆம் தேதியிலோ அதன் பிறகோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர் என்ற கணக்கு, பங்குனி உத்திரத்துக்குப் பஞ்சாங்கம் புரட்டிப் பழகிய நமக்கு அந்நியமாகத் தோன்றாது. ஏப்ரல் 21-ஆம் தேதி ரோமாபுரியின் பிறந்த நாள், கி.மு. 753-இல் அந்நகரம் நிர்மாணிக்கப்பட்டதாக ஐதிகம். ஆயினும் நான் தேர்ந்துகொண்டது மே மாதத்து நடுப்பகுதி. விஷுக்கணி கண்டபின் சாவகாசமாக மூட்டை கட்டி, இடவப்பாதி மழை தொடங்குமுன் ஓட்டுக்கூரையின் ஒழுக்கைப் பார்க்கத் திரும்பிவிடலாம் என்பது ஒரு காரணம். முக்கியமான காரணம் வேறு.

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவு என்று ஒரு பலாமரம் உண்டு. எட்டுவீட்டுப் பிள்ளைமார் துரத்தியபோது இளவரசராயிருந்த மார்த்தாண்ட வர்மர் அதன் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்ற கதையை எங்கள் ஊர்ப்பிள்ளைகள் பால் மறக்குமுன்பே கேட்டுவிடுகிறார்கள். உயிர் தப்பிய அந்த இளவரசர் அரசரானபின், 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்துச் சிறைபிடித்த டிலன்னாய் என்ற தளபதியைத் தம் படைக்கே ஆசிரியராக்கிக்கொண்டார். அந்த டிலன்னாயின் சிநேகத்தால் கிறிஸ்தவ சமயத்தை அறிந்த நட்டாலத்து நீலகண்ட பிள்ளை என்னும் அரண்மனை உத்தியோகஸ்தர், 1745-இல் வடக்கன்குளத்தில் இத்தாலியப் பாதிரியார் புத்தாரியிடம் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சிறையும் சித்திரவதையும் அனுபவித்து, 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் தேதி ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 270 ஆண்டுகளுக்குப் பின், 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் தேதி, ரோமில் அர்ச். பேதுரு சதுக்கத்தில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். இந்தியப் பொதுநிலையினரில் அந்தப் பதவி பெற்ற முதல்வர் அவரே. நான் கிறிஸ்தவனல்ல. இருந்தாலும், எங்கள் பலாமரம் காப்பாற்றிய அரசரின் ஆட்சியில் மாண்ட ஒருவரின் பெயர் ஒலித்த அந்தச் சதுக்கத்தில், அதே மே 15-ஆம் தேதி நிற்க வேண்டும் என்ற ஆசை என்னை விடவில்லை.

ரோமுக்கும் நமக்கும் உள்ள கணக்கு அவ்வளவோடு தீர்வதுமில்லை. கோட்டாற்றுக் கடற்கரையெல்லாம் நடந்து திரிந்த சவேரியாரின் திருவுடல் கோவாவில் இருக்க, அவருடைய வலக்கரம் மட்டும் ரோமில் ஜெசு ஆலயத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. தேவசகாயமோ கோட்டாற்றுச் சவேரியார் பேராலயத்திலேயே துயில்கிறார். மிளகை எடுத்துக்கொண்டால் கணக்கு இன்னும் பழையது. இந்தியச் சரக்குக்காக ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயம் வெளியேறுகிறதே என்று பிளினி புலம்பியிருக்கிறார். தொமிஷியன் சக்ரவர்த்தி காலத்தில் மிளகுக்கும் வாசனைத் திரவியங்களுக்குமென்றே போரத்தின் அருகில் ஒரு பண்டகசாலை எழுப்பினார்கள். பிற்பாடு அந்த இடத்தின்மேல்தான் மக்ஸென்ஷியஸின் மாபெரும் மண்டபம் எழுந்தது. எங்கள் கொல்லையில் கமுகைப் பற்றி ஏறும் கொடியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மண்டபத்தையும் பார்த்தாக வேண்டுமென்று தோன்றுகிறது. கொலோசியத்துக்கு ஒரு காலைப்பொழுது போதும்.

வீசா விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரயாணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து மனுச் செய்யலாம், 15 நாட்களுக்குக் குறைந்தால் ஆகாது. கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத வைத்திய இன்ஷூரன்ஸ் வேண்டும். உடை விஷயந்தான் சுவாரஸ்யமானது. கோயிலுக்குள் சட்டையைக் கழற்றிவிட்டுப் போகும் எங்களுக்கு, தோளும் முழங்காலும் மூடியிருந்தாலொழிய பேதுரு பேராலயத்துக்குள் அனுமதியில்லை என்ற விதி முதலில் விசித்திரமாகவே பட்டது. வேட்டியோடு போகலாமென்றே நினைக்கிறேன். மடித்துக் கட்டும் பழக்கத்தை மட்டும் பாறசாலையிலேயே விட்டுச் செல்ல வேண்டும்.

இத்தாலிக்கும் வத்திக்கானுக்கும் நடுவே, சதுக்கத்தின் வாயிலில், தரையில் ஒரு வெள்ளைக் கோடுதான் எல்லையாம். 1929-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் உண்டான தனி ராஜ்யத்துக்குள் பாஸ்போர்ட் காட்டாமலே கால் வைத்துவிடலாமாம். இதைக் கேட்ட என் மனைவி, “நம்ம களியக்காவிளை மாதிரியில்லா இருக்கு” என்றாள். 2020-இல் நோய்க்காலத்தில் அந்தக் களியக்காவிளையிலேயே பாஸ் இல்லாமல் மகள் வீட்டுக்குப் போக முடியாமல் நின்ற நாட்கள் எனக்கு நினைவுக்கு வந்தன, சொல்லவில்லை.

ஏற்பாடெல்லாம் முடிந்ததென்று, லத்தீன் கத்தோலிக்கரான பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகக் கேட்டார்: “ஓய், நட்டாலத்துக்குப் போயிருக்கீரா?”

“இல்லை, அண்ணாச்சி.”

“பொறந்த வீட்டப் பாக்காம பட்டாபிஷேகம் நடந்த எடத்தப் பாக்கப் போறீராக்கும்?”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆகையால் வரும் ஞாயிற்றுக்கிழமை களியக்காவிளையில் ஒரு பஸ்ஸும் மார்த்தாண்டத்தில் ஒரு பஸ்ஸும் மாறி நட்டாலம் போகிறேன். அடுத்த கட்டுரை அங்கிருந்து.