கல்லறையும் கமர்கட்டும்

2025ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள். மறுநாள் கல்லறைத் திருநாள். பெங்களூரிலிருந்து என் மகளும் பேத்தியும் அன்று காலைதான் தேவிகாபுரம் வந்து சேர்ந்திருந்தார்கள். ஒன்பது வயதுப் பேத்தியின் முகத்தில் பயணக் களைப்பைவிட மனக்குறையே மிகுதியாய்த் தெரிந்தது. முந்திய நாள் மாலை அவர்கள் வாழும் அடுக்குமாடிக் குடியிருப்பில் 'ஹாலோவீன்' விருந்தாம். பிள்ளைகள் பேய் வேடமிட்டு, வீடு வீடாகக் கதவைத் தட்டி இனிப்புக் கேட்டு வாங்குவார்களாம். அதைக் காணவிடாமல் இரவுப் பேருந்தில் ஏற்றிவிட்டார்களே என்பது அவள் குறை. அதைத் தீர்க்கவென்றே, விருந்துக்காக வாங்கியிருந்த பிரௌனிகளையும் அவற்றை அலங்கரிக்கும் பொருள்களையும் ஒரு பெட்டியிலிட்டு உடன் கொண்டுவந்திருந்தாள் என் மகள்.

பிரௌனி என்பது மாவைக் குறைத்து, சாக்லெட்டையும் வெண்ணெயையும் மிகுத்துச் செய்யும் ஒருவகைக் கேக். மற்றக் கேக்குகளைப் போல் உப்பி எழாது. தட்டையாய், கனத்து, கரும்பழுப்பு நிறத்தில் இருக்கும். மேற்பரப்பு பலகைபோல் சமமாக இருப்பதால் அதன்மேல் எதையும் வரையலாம். மாலையில், எங்கள் கூடத்தில் என் தந்தையார் நாற்பது ஆண்டுகள் பட்டு நெய்த தறி நின்ற இடத்தில், பேத்தி கடை விரித்தாள். தறி போய்விட்டது, தறிக்குழியைப் பலகையிட்டு மூடியிருக்கிறோம். அந்தப் பலகையே அவளுக்கு மேசையாயிற்று.

உருக்கிய வெள்ளைச் சாக்லெட்டைத் தாள் கூம்பில் நிரப்பி, பிரௌனியின்மேல் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் இட்டாள். அவை உறையுமுன் பல் குத்தும் குச்சியை நடுவிலிருந்து விளிம்புவரை எட்டுத் திசையிலும் இழுத்தாள். வட்டங்கள் வளைந்து நெளிந்து சிலந்தி வலையாயின. பாவும் ஊடையும் குறுக்கே ஓடி உருவம் பிறப்பதைப் பிறந்த நாள்முதல் பார்த்து வளர்ந்தவன் நான்; அந்தச் சின்ன விரல்களின் திறங்கண்டு உள்ளபடியே மகிழ்ந்தேன். அடுத்ததில் வெள்ளைப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாய் இட்டு, இரண்டு சர்க்கரைக் கண்களை ஒட்டினாள். அது துணி சுற்றிய எகிப்தியப் பிணமாம். பின்பு ஒரு பிரௌனியை உதிர்த்து மண்போல் தூவி, அதன் தலைமாட்டில் பிஸ்கோத்து ஒன்றை நட்டு, அதில் மூன்று ஆங்கில எழுத்துகளை எழுதினாள்: ஆர், ஐ, பி.

"தாத்தா, கல்லறை பாருங்க!" என்று தூக்கிக் காட்டினாள்.

என் நெஞ்சில் சுருக்கென்றது. நாளை நாம் முழங்காலிடப் போகும் இடத்தை இன்று தின்பண்டமாக்கி விளையாடுவதா? 'இதெல்லாம் நம்மவர் வழக்கம் அல்ல. எடுத்து வை' என்னும் சொல் நாவின் நுனிவரை வந்துவிட்டது. வந்த இடத்திலேயே நின்றும்விட்டது. ஏனெனில், அதே சொல்லை 46 ஆண்டுகளுக்கு முன் நான் ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

எனக்கு ஒரு தங்கை இருந்தாள். 1963ஆம் ஆண்டில், தன் ஆறாம் வயதில், நான்கே நாள் காய்ச்சலில் இறந்துபோனாள். அவளுக்குக் கமர்கட்டு என்றால் உயிர். வெல்லப் பாகில் தேங்காய்த் துருவலைக் கிளறி, கைபொறுக்கும் சூட்டில் உருட்டி, என் தாய் அதைச் செய்வாள். நாளெல்லாம் இராட்டையில் தார் சுற்றிக் கன்றிய விரல்கள் அவை. சூடான பாகு அவற்றை ஒன்றும் செய்யாது. தங்கை இறந்த பின் ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும், சுண்ணாம்பு பூசிச் சாமந்திப்பூச் சூட்டி மெழுகுதிரி ஏற்றிய அந்தச் சின்னக் கல்லறையின் தலைமாட்டில், வாழையிலைத் துண்டில் நான்கு கமர்கட்டை வைப்பாள். பங்குத் தந்தை தீர்த்தம் தெளித்துச் செல்லும்வரை அருகில் நிற்பாள். வேறொன்றும் செய்ததில்லை.

1979ஆம் ஆண்டு. எனக்கு வயது 24. ஆசிரியர் பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்திருந்தேன். ஞாயிறுதோறும் மறைக்கல்வியும் கற்பித்தேன். எங்கள் தெருவில் பெரும்பாலோர் இந்து நெசவாளர்கள். பொங்கலிலும் மகாளய அமாவாசையிலும் அவர்கள் முன்னோருக்குப் படையல் இடுவதைக் கண்டே வளர்ந்தவர்கள் நாங்கள். 'படையலுக்கும் உன் கமர்கட்டுக்கும் என்னம்மா வேறுபாடு? செத்தவள் எழுந்து வந்து தின்பாளா? இதெல்லாம் நம்மவர் வழக்கம் அல்ல; எடுத்து வை' என்று கல்லறைத் தோட்டத்தில், உறவினரும் பங்கு மக்களும் கேட்க, உரக்கச் சொன்னேன். சொன்னதோடு நில்லாமல் இலையை நானே மடித்து எடுத்தேன்.

என் தாய் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "நீ படிச்சவன். நீ சொன்னா சரிதாம்பா" என்றாள். அதன்பின் அவள் கல்லறைமேல் கமர்கட்டு வைத்து நான் பார்த்ததேயில்லை. நான் வென்றுவிட்டதாகவே எண்ணிக்கொண்டிருந்தேன்.

1996இல் அவள் இறந்தாள். அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, குழி தோண்டிய முதியவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "கல்லறைத் திருநாள் வந்தா அம்மா எங்க பிள்ளைங்களுக்குக் கமர்கட்டு கொண்டாந்து குடுக்கும் சார். 'எம் பொண்ணுக்காக வேண்டிக்குங்கடா'ன்னு சொல்லும். ஒரு வருசம்கூட தப்பினதில்ல. இனிமே யார் குடுப்பாங்க?"

நான் கூலியைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினேன். அவருடைய கேள்விக்கு அன்று விடை சொல்லவில்லை. அதற்குப் பின் வந்த கல்லறைத் திருநாள்களிலும் பூவும் மெழுகுதிரியும் கொண்டுபோனேனே அன்றி, கமர்கட்டுக் கொண்டுபோகவில்லை.

இந்நிகழ்ச்சி நடந்து சில ஆண்டுகள் கழித்துப் புனித அகுஸ்தீனாரின் தன்வரலாற்று நூலை வாசிக்க நேர்ந்தது. அதன் ஆறாம் பகுதியில் அவர் தம் தாய் மோனிக்காவைப் பற்றிச் சொல்லும் செய்தி ஒன்று என்னைத் திடுக்கிடச் செய்தது. வட ஆப்பிரிக்காவில் தாம் பழகிய வழக்கப்படி, மோனிக்கா மிலான் நகரிலும் வேதசாட்சிகளின் கல்லறைகளுக்குக் கூழும் அப்பமும் திராட்சை இரசமும் ஒரு கூடையில் எடுத்துச் சென்றார். வாயிற்காவலன் தடுத்தான். ஆயர் அம்புரோசியார் அவ்வழக்கத்தை விலக்கியிருந்தார். குடிவெறிக்கு இடமாகிறது, புறச்சமயத்தார் தம் முன்னோருக்கு இடும் படையலை ஒத்திருக்கிறது என்பன காரணங்கள். மோனிக்கா எதிர்ச்சொல் இன்றிப் பணிந்தார். அதன்பின் கூடைக்குப் பதிலாக வேண்டுதல் நிறைந்த உள்ளத்தைக் கல்லறைகளுக்குக் கொண்டு சென்றார்; கொடுக்க முடிந்ததை ஏழைகளுக்குக் கொடுத்தார். தாம் அம்புரோசியார்மேல் வைத்திருந்த அன்பினால்தான் அவர் அவ்வளவு எளிதில் பணிந்தார் என்றும், வேறொருவர் தடுத்திருந்தால் பணிந்திருப்பாரோ என்றும் அகுஸ்தீனார் எண்ணிப் பார்க்கிறார்.

எழுதப் படிக்கத் தெரியாதவள் என் தாய். நெடுந்தொலைவு என்று அவள் போய்வந்ததெல்லாம் சேத்துப்பட்டு லூர்து மாதா கோவிலுக்குத்தான். மிலானையும் மோனிக்காவையும் அவள் எங்கே அறிந்தாள்? ஆயினும் அந்தப் புனிதத் தாய் செய்ததையே செய்திருக்கிறாள். அவளைத் தடுத்த நானோ அம்புரோசியார் அல்லன், வாயிற்காவலன். இதையும் பின்னர்தான் படித்தறிந்தேன்: என் தங்கை இறந்த அதே 1963ஆம் ஆண்டின் டிசம்பரில், இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய தன் ஏட்டை வெளியிட்டது. மக்களின் வழக்கங்களில் மூடநம்பிக்கையோடும் தவறோடும் பிரிக்க முடியாதபடி பிணைந்திராதவற்றைத் திருச்சபை பரிவோடு சீர்தூக்கிப் பார்க்கிறது, இயன்றபோது பேணிக் காக்கிறது என்பது அதில் கண்ட போதனை. பரிவோடு சீர்தூக்க எனக்கு அன்று நேரமிருந்ததில்லை.

இவையெல்லாம் ஒரு நொடியில் நெஞ்சில் ஓடி மறைந்தன. நான் பேத்தியின் அருகில் தரையில் அமர்ந்தேன்.

"இந்த மூன்று எழுத்துக்கு என்ன பொருள், தெரியுமா?" என்று கேட்டேன்.

"கல்லறைன்னா அப்படித்தான் எழுதுவாங்க தாத்தா" என்றாள்.

அது 'ரெக்குவியெஸ்காத் இன் பாச்சே' என்னும் இலத்தீன் மன்றாட்டின் சுருக்கம் என்றேன். 'அமைதியில் இளைப்பாறுவாராக' என்று நாளை நாம் கல்லறையில் சொல்லப் போவதும் அதுவே என்றேன். ஆங்கிலத்தில் அதற்குச் சொல்லும் தொடரும் அதே முதலெழுத்துகளில் அமைந்துவிட்டது. அவள் கண்கள் அகன்றன. விளையாட்டாக எழுதியது செபம் என்பதை அவளால் நம்ப முடியவில்லை.

பின்பு அவளுக்கு 'ஹாலோவீன்' கதையைச் சொன்னேன். அனைத்துப் புனிதர் பெருவிழாவை நவம்பர் முதல் நாளில் எங்கும் கொண்டாடும் வழக்கம் 835ஆம் ஆண்டில், திருத்தந்தை நான்காம் கிரகோரியார் காலத்தில், பரவியது. அப்பெருவிழாவின் முந்திய மாலை என்பதே 'ஹாலோவீன்' என்ற சொல்லின் பொருள். 998ஆம் ஆண்டளவில் குளூனி மடத்துத் தலைவர் புனித ஓதிலோ, பெருவிழாவுக்கு மறுநாள் இறந்த விசுவாசிகள் எல்லாருக்காகவும் மன்றாடும்படி தம் துறவியரைப் பணித்தார். அதுவே நம் கல்லறைத் திருநாளாக வளர்ந்தது. இங்கிலாந்தில் அந்நாளுக்கென்று மசாலா மணக்கும் வட்டமான சிறு கேக்குகளைச் சுட்டு, சிலுவைக் குறி இடுவார்கள். 'ஆன்மாக் கேக்கு' என்பது அதன் பெயர். ஏழைகளும் பிள்ளைகளும் வீடு வீடாகச் சென்று பாடுவார்கள். ஒவ்வொரு கேக்குக்கும் கைம்மாறாக அவ்வீட்டில் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்வார்கள். சமயச் சீர்திருத்தத்துக்குப் பின் அந்த நாட்டில் இறந்தோருக்கான செபம் விலக்கப்பட்டது. கேக்குக் கேட்டு வரும் பிள்ளைகள் மட்டும் சில வட்டாரங்களில் நெடுங்காலம் தொடர்ந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் பஞ்சம் பிழைக்க அமெரிக்கா சென்ற அயர்லாந்து மக்கள் தங்கள் 'ஹாலோவீன்' வழக்கங்களையும் கொண்டு சென்றார்கள். அவர்கள் ஊரில் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தது, அங்கே பூசணிக்காயைக் குடைவதாக மாறியது. மெக்சிகோ நாட்டிலோ கத்தோலிக்கர் இன்றும் எலும்பு வடிவம் பதித்த ரொட்டி சுட்டு, இறந்தவர் பெயரைச் சர்க்கரை மண்டையோட்டின் நெற்றியில் எழுதி வைக்கிறார்கள்.

"அப்படின்னா இதுலயும் பேர் எழுதலாமா தாத்தா?"

"எழுதலாம். இது யாருடைய கல்லறை?"

அவள் யோசித்தாள். "யாரோடதும் இல்லை. சும்மா" என்றாள்.

என்னை உறுத்தியது என்ன என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அந்தக் கல்லறையில் யாரும் இல்லை. சாவு இருக்கிறது, செத்தவர் இல்லை. இனிப்பு இருக்கிறது, அதை வாங்குகிறவர் யாருக்காக மன்றாடுவது என்பது இல்லை. எகிப்தியப் பிணத்தையும் சிலந்தி வலையையும் குறை கூறி என்ன பயன்? குழந்தைகளின் கையில் கதையற்ற கல்லறையைக் கொடுத்துவிட்டு, பெயர் சொல்லவேண்டிய பெரியவர்கள் நாம் வாய்மூடி இருந்துவிட்டோம். என் தங்கையைப் பற்றி என் பேத்தியிடம் நான் அன்றுவரை ஒரு சொல்லும் சொன்னதில்லை.

அன்றிரவு சொன்னேன். கமர்கட்டைச் சொன்னேன், நான் மடித்து எடுத்த இலையையும் மறைக்காமல் சொன்னேன். அவள் என்னைக் கண்டிக்கவில்லை. புதிய பிஸ்கோத்து ஒன்றை எடுத்து, மூன்று எழுத்துகளுக்குக் கீழே, வெள்ளைச் சாக்லெட்டால் என் தங்கையின் பெயரைத் தமிழில் எழுதினாள். எழுத்து கோணலாகத்தான் வந்தது. பிறகு பெட்டியில் இருந்த மற்றெல்லாப் பிரௌனிகளிலும் சிலுவை இட்டாள்.

மறுநாள் ஞாயிறு. திருப்பலிக்குப் பின் கல்லறைத் தோட்டம் சென்றோம். தோபித்து நூலின் நான்காம் அதிகாரத்தில், நேர்மையாளரின் கல்லறைமேல் உணவு படைக்கும்படி தந்தை தம் மகனுக்கு அறிவுரை கூறும் இடம் உண்டு. போகும் வழியெல்லாம் அது என் நினைவில் இருந்தது. ஆயினும் கல்லறைமேல் நாங்கள் எதையும் வைக்கவில்லை. என் தாய் கற்ற பாடத்தை நான் மாற்ற விரும்பவில்லை. பங்குத் தந்தை மந்திரித்துச் சென்றபின், பேத்தி பெட்டியோடு வாயிலுக்குப் போனாள். குழி தோண்டும் குடும்பத்தின் இன்றைய பிள்ளைகளும், பூ விற்க வந்தவர்களின் பிள்ளைகளும், எங்கள் தெரு நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே மதிலோரம் நின்றார்கள். ஆளுக்கொன்றாய்க் கொடுத்தாள். பெயர் எழுதியதை, அங்கிருந்தவர்களில் மிகச் சிறியவளாய்த் தெரிந்த ஒரு பெண் குழந்தையின் கையில் வைத்தாள்.

பையன் ஒருவன் சாக்லெட் அப்பிய வாயோடு என்னைக் கேட்டான்: "இன்னா சார், யாருக்குப் பொறந்த நாளு?"

பேத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். புனிதர் ஒருவர் இறந்த நாளைத் திருச்சபை பண்டுதொட்டு அவருடைய பிறந்த நாள் என்றே குறித்துவந்திருக்கிறது. அதை அந்தப் பையனுக்கு நான் விளக்கவில்லை.

"என் தங்கச்சிக்குப்பா" என்றேன். "அவளுக்காகச் சாமிகிட்ட வேண்டிக்கோ."

அவன் கேக்குப் பிடித்திருந்த கையைத் தாழ்த்தி, கண்களை இறுக மூடினான். பக்கத்தில் இருந்த பிள்ளைகளும் அவனைப் பார்த்து மூடிக்கொண்டார்கள். தொலைவில் பெரியநாயகி அம்மன் கோவில் கோபுரம் ஈரக்காற்றில் மங்கித் தெரிந்தது. யார் எந்தச் சாமியிடம் என்ன கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. என் தாய் கேட்டுப் பெற்றுவந்த செபங்கள் 1996ஆம் ஆண்டோடு நின்றுபோயிருந்தன. 29 ஆண்டுகள் கழித்து அன்று அவை மீண்டும் தொடங்கின என்பது மட்டும் எனக்கு உறுதி.

வரும் கல்லறைத் திருநாளுக்கு நானே கமர்கட்டுச் செய்வதாகப் பேத்திக்கு வாக்களித்திருக்கிறேன். பாகுப் பதம் எனக்குத் தெரியாது. தெருக்கோடி வீட்டில், என் தாயோடு தார் சுற்றிய மூதாட்டி ஒருவர் இன்னும் இருக்கிறார். அவரிடம் போய்க் கேட்க வேண்டும்.