கரித்துண்டின் விலை

மருதமுனைக் கைத்தறியின் பெருமையை நாம் அனைவரும் பேசுகிறோம். ஆனால் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் வீட்டினுள் இருந்தபடியே தையல் இயந்திரத்தால் குடும்பத்தைத் தாங்கும் பெண்களின் உழைப்பு நம் கண்ணிற் படுவதில்லை. நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரத்தில் அவ்வியந்திரத்தின் மின்மோட்டர் நின்றுவிட்டால், அவ்வீட்டின் வருமானமே நின்றுவிடுகிறது. “மோட்டர் எரிந்துவிட்டது, புதிது வாங்குங்கள்” என்ற சொல்லை நம்பிக் கடன்படுகிறார்கள். 2022 இல் அந்நியச் செலாவணி வற்றி இறக்குமதிப் பொருள்களின் விலை ஏறியபின் அக்கடனின் சுமை எத்தகையது என்பதை நாம் அறிவோம்.

உண்மை பல வேளைகளில் வேறு. இத்தகைய மோட்டரில், சுழலும் சுருளுக்கு மின்னோட்டத்தைக் கொடுப்பவை இரு சிறு கரித்துண்டுகள். தூரிகைகள் என்று பாடநூல் சொல்லும். சுருள்வில் அவற்றை அச்சிலுள்ள செப்புத் துண்டங்களின்மீது அழுத்துகிறது. செம்பைக் காப்பதற்காகக் கரி தேய்கிறது. தேய்ந்து குறுகியதும் தொடர்பு அறுகிறது. கையால் சக்கரத்தைச் சற்றுத் திருப்பியதும் மோட்டர் ஓடத் தொடங்குமாயின், முதலிற் கரியையே ஐயுற வேண்டும்.

சுவரில் மின்சாரம் வருகிறதா என்பதை ஒரு விளக்கைக் கொண்டு பார்க்கலாம். பின்னர் பிளக்கை முற்றாகக் கழற்றிவிட்டு, மிதியின் வயர் அறுந்திருக்கிறதா என்று நோக்க வேண்டும். அடுத்து, மோட்டரின் இருபுறமுமுள்ள மூடிகளைத் திருகி எடுத்தால் கரி வெளிவரும். அது மிகக் குறுகியிருந்தால் இரண்டையும் ஒருங்கே மாற்றுவதே முறை. வில் தளர்ந்திருக்கலாம், கரித்தூளோடு கடற்காற்றின் ஈரமும் படிந்திருக்கலாம். புதிய கரி இட்ட பின்னரும் செம்பைச் சுற்றித் தீவளையம் எழுந்தால், அப்போதுதான் சுருளின் பழுது பற்றிப் பேச வேண்டும்.

மின்விசையால் இடையறாது சுழலும் கருவியை 1821 இல் செய்து காட்டிய மைக்கேல் பரடே ஒரு கொல்லரின் மகன். புத்தகம் கட்டும் தொழில் பயின்றவர். 1837 இல் மின்மோட்டருக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்ற தோமஸ் டேவன்போட்டும் கொல்லரே. உழைக்கும் கைகளிற் பிறந்த கருவி, இன்று உழைக்கும் கைகளுக்கே மூடிய மர்மமாக இருப்பது என்ன நியாயம்?

பழுதுபார்ப்பவரைப் பழிப்பதில் பயனில்லை. அவருக்கும் எவரும் முறையாகக் கற்பிக்கவில்லை. நம் மாணவர் பிளெமிங்கின் இடக்கை விதியைப் பரீட்சைத் தாளிற் பிழையின்றி எழுதுகிறார்கள். வீட்டில் தாயின் மோட்டர் நின்றாலோ திகைத்து நிற்கிறார்கள். ஆசிரிய நண்பர்களே, பழைய மோட்டர் ஒன்றை வகுப்பு மேசைமீது வைத்துக் கழற்றிக் காட்டுங்கள். மாணவிகளின் கையிலும் திருப்புளியைக் கொடுங்கள். ஒரு கரித்துண்டுக்காக ஒரு குடும்பம் கடனாளியாகாமல் இருக்க, கல்வி செய்யக்கூடிய மிகச் சிறிய உதவி இது.