பூட்டு இருந்தும் போன பணம்

எம் சிறிய தந்தையார் வண்டிப்பெரியாற்றுத் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். 2022ஆம் ஆண்டு ஒருநாள் அவருடைய கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. வங்கிக் கணக்கு முடக்கப்படும், உடனே விவரங்களைப் புதுப்பிக்கவும் என்று எழுதி, கீழே ஓர் இணைப்பும் தந்திருந்தார்கள். தொட்டார்; வங்கியின் பக்கம் போலவே ஒன்று திறந்தது. கடவுச்சொல்லையும், பின்னர் வந்த ஆறிலக்க எண்ணையும் பதித்தார். பணிக்கொடையில் எஞ்சியிருந்த 18,000 ரூபாய் போயிற்று.

“பூட்டுப் படம் இருந்ததே, தம்பி! அதைப் பார்த்துத்தானே நம்பினேன்?” என்று அவர் கேட்டபோது எமக்கு நா எழவில்லை. பூட்டைப் பார்த்த பின்பே பணம் செலுத்துங்கள் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாமேதாம்.

பூட்டு பொய் சொல்லவில்லை. நாம்தாம் அதன் பொருளைத் தவறாகக் கற்பித்துவிட்டோம்.

வாளையாற்றில் வணிகவரிச் சோதனைச் சாவடி இருந்த காலத்தைப் பாலக்காட்டு எல்லையில் வாழும் நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். லாரிகள் மைல் கணக்கில் காத்து நிற்கும். பெட்டி லாரியின் கதவில் முத்திரை உடையாமல் இருந்தால், வழியில் எவரும் கைவைக்கவில்லை என்று பொருள். உள்ளே இருப்பது நல்ல சரக்கா, அனுப்பியவர் நாணயமானவரா என்பதை முத்திரை எங்ஙனம் கூறும்?

வலைத்தளச் சான்றிதழும் அத்தகையதே. தளத்தின் பெயர், அதற்குரிய பொதுத் திறவுகோல், காலக்கெடு, சான்று வழங்கிய நிறுவனத்தின் மின் கையொப்பம் ஆகியவை அதில் அடங்கும். கைப்பேசியிலுள்ள உலாவி, தான் நம்பும் நிறுவனங்களின் பட்டியலைக் கொண்டு அக்கையொப்பத்தைச் சோதிக்கும். சரியெனில், இருபுறமும் தமக்குள் ஓர் இரகசியத் திறவுகோலை அமைத்துக்கொள்ளும். அதன் பின் நாம் பதிப்பதெல்லாம் மறைமொழியாகவே செல்லும். குமுளிப் பேருந்து நிலையத்தில் பொது இணைப்பைப் பயன்படுத்தினாலும் பக்கத்தில் இருப்பவர் நம் கடவுச்சொல்லைப் படிக்க இயலாது. இஃது அரிய காவல்தான்.

சான்று வழங்குவோரே தவறினால்? அதுவும் நிகழ்ந்ததுண்டு. 2014 ஜூலையில், நம் நாட்டின் தேசியத் தகவலியல் மையத்தின் வழியே கூகுள் தளப் பெயர்களுக்கு முறையற்ற சான்றிதழ்கள் வெளிவந்தமை கண்டுபிடிக்கப்பட்டு, அம்மையத்தின் சான்றுரிமைகள் நீக்கப்பட்டன.

ஆனால், சிறிய தந்தையாரை வீழ்த்தியது அத்தகைய பெரும் பிழையன்று. 2015 முதல் ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ என்னும் அமைப்பு சான்றிதழைக் கட்டணமின்றி வழங்குகிறது. தளத்தின் பெயர் தன் கையில் உள்ளதென மெய்ப்பிப்பவர் எவரும் சில நிமிடங்களில் பெறலாம். ஏழைச் சங்கங்களுக்கு அது பேருதவி. திருடனுக்கும் அதே வாயில் திறந்திருக்கிறது. பூட்டை மக்கள் தவறாகப் பொருள்கொள்வது கண்டு, கூகுள் நிறுவனம் 2023இல் தன் குரோம் உலாவியின் முகவரிப் பட்டையிலிருந்து அப்படத்தையே எடுத்துவிட்டது.

ஆகவே, பார்க்க வேண்டியது பெயரை. 2025 ஏப்ரலில் இந்திய ரிசர்வ் வங்கி, வங்கிகள் அவ்வாண்டு அக்டோபர் 31க்குள் ‘டாட் பேங்க் டாட் இன்’ என முடியும் பெயருக்கு மாறவேண்டும் என ஆணையிட்டது. ஐதராபாத்திலுள்ள ஐ.டி.ஆர்.பி.டி. நிறுவனம் ஒன்றே அப்பெயர்களைப் பதிந்து தரும். வங்கியின் பெயர் தொடக்கத்தில் இருப்பது போதாது. முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னே பெயர் எப்படி முடிகிறது என்பதே கணக்கு.

ஏமாந்த நாழிகையிலேயே 1930 என்னும் எண்ணை அழைத்திருந்தால் ஒருவேளை பணம் தடுக்கப்பட்டிருக்கும். வெட்கத்தால் அவர் மறுநாள் மாலை வரை சித்தியிடம்கூட வாய் திறக்கவில்லை.

சென்ற திங்கள் மின்கட்டணம் செலுத்துமுன் எம்மை அழைத்தார். முகவரியைக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி, ஒவ்வோர் எழுத்தாக, உரக்கப் படித்துக் காட்டினார். அருகில் சித்தி சிரிப்பது கேட்டது. அவர் நிறுத்தவில்லை.